பேணுதல் என்னும் அறம்

ஒரு பொருளை வாங்குவது ஒரு நாள் வேலை. அதனைப் பேணுவதோ பல்லாண்டு வேலை. வாங்குபவனுக்குப் பணம் இருந்தால் போதும். பேணுபவனுக்குப் பொறுமை வேண்டும், கவனம் வேண்டும், தன் அறியாமையை ஒப்புக்கொள்ளும் அடக்கமும் வேண்டும். இவ்வுண்மையை நான் நூல்களிற் படித்திருக்கிறேன்; வகுப்பறையிலும் பன்முறை எடுத்துரைத்திருக்கிறேன். ஆயினும், அதனை எனக்கு உள்ளபடியே கற்பித்த ஆசான் ஒரு பழைய மோட்டார்சைக்கிள் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும்.

அது என் தந்தையாரின் வண்டி. எழுபது சிசி ஹோண்டா கப். 1958-இல் ஜப்பானில் தோன்றிய அவ்வகை வண்டி 2017-ஆம் ஆண்டில் பத்துக் கோடி என்னும் எண்ணிக்கையை எட்டியது. உலகெங்கும் உழைப்பாளிகளின் வண்டி அது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் தந்தையார் 1980-இல் அதனை வாங்கினார். வார நாள்களில் அது அவரை வேலைக்குச் சுமந்தது. ஞாயிறு தோறும் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு தேக்காவுக்கு வந்தது. அவர் மறைந்தபின் வண்டி என் பெயருக்கு மாறியது. பெயர் மாறியது எளிதில் முடிந்தது. பொறுப்பு மாறுவதற்குத்தான் ஆண்டுகள் பல ஆயின.

தொடக்கத்தில் நான் வண்டியை ஓட்டினேனே அன்றி, அதனை அறிந்தேனில்லை. நின்றுவிட்டால் பட்டறைக்குத் தள்ளிச் செல்வேன். கேட்ட காசைக் கொடுப்பேன். என்ன பழுது என்றுகூடக் கேட்க மாட்டேன். அமெரிக்க எழுத்தாளர் இராபர்ட் பர்சிக், 1974-இல் வெளிவந்த தம் நூலில் இத்தகைய மனப்பான்மையைத்தான் ஆராய்கிறார். மோட்டார்சைக்கிள் பராமரிப்பைப் பற்றிய நூல்போல் தலைப்பிட்டு, மனிதன் தான் பயன்படுத்தும் பொருளோடு கொள்ளவேண்டிய உறவைப் பற்றி அவர் பேசுகிறார். அதனைப் படித்தபின்தான் தந்தையாரின் ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன்.

அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்குத் தனிக் கொட்டகை ஏது? வாகன நிறுத்துமிடத்தில் பெரும் பழுது பார்ப்பது விதிக்கும் மாறு, அயலார்க்கும் இடையூறு. ஆதலால், பெரிய வேலைகளைப் பட்டறைக்கு விட்டு, சிறியனவற்றை மட்டும் நான் மேற்கொண்டேன். செயினுக்கு எண்ணெய் இடுதல், காற்று வடிகட்டியைத் தூய்மை செய்தல், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தல் ஆகியவையே அவை. பிளக்கின் முனை ஒரு நாக்கு எனலாம். அது வெளிர் பழுப்பாக இருந்தால் எஞ்சின் நலமாக இருக்கிறது. கரிபடிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுந்து காற்றுக் குறைந்துள்ளது. வெளுத்திருந்தால் சூடு மிகுந்துள்ளது. மருத்துவன் நோயை ஆராய்ந்து, அதன் மூலத்தை ஆராய்ந்து, பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் கூறும் ஒழுங்கு இங்கும் பொருந்தும். கறுத்த பிளக்கைத் துடைத்து மாட்டுவது எளிது. அது ஏன் கறுத்தது என்று கேட்பதே பேணுதல்.

ஒரு நாள் மாலை, நேரம் போதவில்லை என்ற பரபரப்பில் பிளக்கை மீண்டும் பொருத்தினேன். அது சற்றே சாய்ந்து நுழைந்திருந்தது. இறுகவில்லையே என்று எரிச்சலுற்று ஸ்பானரால் அழுத்தித் திருகினேன். பிளக்கின் மரை எஃகு. அது பொருந்தும் இடமோ மென்மையான அலுமினியம். என் வலிமைக்கு முன் அலுமினியம் தோற்றது; மரை அழிந்தது. ஐந்து வெள்ளி வேலை பெருஞ்செலவாக முடிந்தது. ஜாலான் புசார்ப் பக்கத்துப் பட்டறையில் இருந்த சீனப் பெரியவர் பழைய மரையைக் குடைந்தெடுத்துப் புதிய மரைச்சுருளைப் பதித்துத் தந்தார். பிறகு மலாயில் ஒன்று சொன்னார். முதலில் விரலால் திருகவேண்டும். விரலுக்கு இணங்காததை ஸ்பானரிடம் கொடுக்கக் கூடாது என்பது அதன் கருத்து.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் எண்ணியது வண்டியை அன்று. அவ்வாரந்தான், தமிழில் ஒரு வாக்கியம் எழுதத் திணறிய மாணவன் ஒருவனை வகுப்பார் முன்னிலையில் கடிந்திருந்தேன். அவன் ஏன் திணறினான் என்று நான் கேட்கவில்லை. சாய்ந்து நின்றதை நிமிர்த்தாமல் அழுத்தம் மட்டும் கொடுத்தேன். அழிந்த மரைக்குப் பட்டறை உண்டு. பிள்ளையின் மனத்தில் அழிந்ததற்கு எந்தப் பட்டறையைத் தேடுவது? மறுநாள் அவனை அழைத்து அருகில் அமர்த்திக்கொண்டேன். அவன் உடனே மலர்ந்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். அவன் என்னை நம்புவதற்கு ஓராண்டு ஆயிற்று.

பேணுதல் என்பது நம் பொருளோடு மட்டும் முடிவதன்று. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெய் ஏறத்தாழ முக்கால் லிட்டர் இருக்கும். அதனைத் தேக்கா வட்டாரத்து வடிகால் ஒன்றில் ஊற்றினால், அது ரோச்சோர் கால்வாய் வழியாக மரினா நீர்த்தேக்கத்தைச் சேரும். 2008-இல் அணை கட்டித் திறக்கப்பட்ட அத்தேக்கத்து நீர், தூய்மை செய்யப்பெற்று நம் வீட்டுக் குழாய்க்கே வருகிறது. என் வண்டியைக் காத்து ஊர்நீரைக் கெடுத்தால் அது எவ்வகை அறம்? ஆகவே, பழைய எண்ணெயைப் புட்டியில் அடைத்துப் பட்டறையில் ஒப்படைப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நீருக்கு வழி கண்டேன். காற்றுக்கு என் செய்வது? இங்குதான் கடினமான கேள்வி எழுந்தது. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2003 ஜூலை முதல் நாளுக்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பின் சாலையில் ஓடலாகா. ஐந்தாண்டுக்குள் பதிவை நீக்குவோர்க்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை கிடைக்கும் என்றும் அறிவித்தது. மொத்த வாகனங்களில் சிறு பங்கே ஆன மோட்டார்சைக்கிள்கள், வாகனங்கள் வெளியிடும் கார்பன் மோனாக்சைடில் பாதிக்கு மேல் வெளியிடுகின்றன என்பதே காட்டப்பட்ட காரணம்.

முதலில் எனக்குச் சினம் மூண்டது. ஆண்டுதோறும் சோதனையில் தேறும் வண்டிக்கு ஏன் இந்தத் தண்டனை என்று வாதிட்டேன். பின்னர் ஒரு நாள், எஞ்சினைக் கிளப்பிவிட்டு நின்றபோது, அவ்வழியே சென்ற இளந்தாய் ஒருத்தி தன் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள். அவள் என்னை ஏசவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. என் பாசத்தின் விலையை அக்குழந்தையின் நுரையீரல் செலுத்த வேண்டுமா? தந்தையின் நினைவு எனக்கு இனிது. புகை பிறர்க்கு இனிதன்று. காற்று வடிகட்டியை எத்துணை தூய்மை செய்தாலும் பழைய எஞ்சின் பழைய எஞ்சினே.

பழம்பொருள் வண்டிகளுக்கெனத் தனித்திட்டம் உண்டு. அதிற் சேர்ந்தால் ஆண்டில் சில நாள்கள் ஓட்டலாம் என்று நண்பர்கள் கூறினர். என் உள்ளம் இசையவில்லை. தந்தையார் வாங்கியது உழைக்கும் வண்டி. அதனைக் காட்சிப் பொருளாக்குவது அவருக்குச் செய்யும் சிறப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. குறித்த நாளில் விடை கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

அப்படியானால் இன்றும் ஏன் வால்வின் இடைவெளியை அளக்கிறாய் என்று என் மகள் வினவினாள். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. முடிவு தெரிந்த பொருளுக்கு இத்துணைக் கவனம் வீண் அன்றோ என்பது அவள் கேள்வி. நான் சொன்ன விடை இதுதான்: அது ஓடும் நாள்வரை என் உயிரும் பிறர் உயிரும் அதன் பிரேக்கில் இருக்கின்றன, குறைந்த புகைவிடும் கடமையும் இருக்கிறது. நிலைப்பதை மட்டுமே பேணுவோம் என்றால் இவ்வுலகில் பேணத்தக்கது எதுவும் இராது. முதியோரைப் பேணுகிறோம், ஆண்டிறுதியில் நம்மை விட்டுச் செல்லும் மாணவரைப் பேணுகிறோம். பேணுதலின் மதிப்பு அதன் கால அளவில் இல்லை.

மொழியைப் பேணும் பணியில் இருப்போர்க்கு ஒரு சொல். என் வண்டிக்குச் சட்டம் நாள் குறித்திருக்கிறது. தமிழுக்கு எவரும் நாள் குறிக்கவில்லை. ஆயினும், நின்றபின் பட்டறைக்குத் தள்ளிச் செல்லும் பழக்கம் நம் வீடுகளில் மிகுந்துவிட்டது. தேர்வு நெருங்கியபின் துணைப்பாட வகுப்புக்குப் பிள்ளையை அனுப்புகிறோம். நாள்தோறும் வீட்டில் தமிழ் பேசுவதே செயினுக்கு இடும் எண்ணெய்.

2028 ஜூன் திங்களில் ஒரு நாள் நான் அவ்வண்டியில் தேக்காவுக்குக் கடைசி முறையாகச் செல்வேன். அதற்கு முன் எண்ணெய் மாற்றுவேன். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பேன். மீண்டும் பொருத்தும்போது முதலில் விரலால் திருகுவேன்.