நாங்க இருக்கிறம்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு பிள்ளை போன மாதம் ஒருநாள் இரவு எனக்குக் கோல் எடுத்தாள். "அக்கா, நேற்று முறைப்பாடு எழுதிக் குடுத்திட்டன். எல்லாரும் நாங்க இருக்கிறம் எண்டுதான் சொல்லுகினம். ஆனா இண்டைக்கு மத்தியானம் தனியத்தான் இருந்தன். சாப்பாட்டுப் பார்சலைத் திறக்கவே மனம் வரேல்ல. இனி நான் என்ன செய்யிறது?"

அவள் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். மேலதிகாரி ஒருவர் அவளுக்குச் செய்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. அது அவளுடையது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவளுடைய கடைசிக் கேள்விதான். முறைப்பாடு கொடுக்கலாமா, விடலாமா என்று கேட்டு வருபவளுக்குச் சொல்ல எல்லாரிடமும் ஏதாவது இருக்கிறது. கொடுத்துவிட்டு வந்து நிற்பவளுக்குச் சொல்ல எங்களிடம் என்ன இருக்கிறது?

அதே கேள்வியோடு 2008ஆம் ஆண்டு நானும் வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் அறைக்குள் இருந்திருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காக வந்து இரண்டு வருடம். எங்கள் பிரிவுக்குப் பொறுப்பானவர் கோப்பு காட்டும் சாட்டில் தோளில் கை வைப்பார். ஐந்து மணிக்குப் பிறகு நிற்கச் சொல்லுவார். ஒருநாள் கதவைச் சாத்தினார். அடுத்த கிழமை ஒரு பக்கக் கடிதம் எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தேன்.

பொலிஸுக்குப் போயிருக்கலாமே என்று இன்று கேட்பவர்களுக்கு அந்தக் காலத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முதல் வருடம் ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டே அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. ஆனால் அந்தப் பயம் எங்கள் வீடுகளை விட்டுப் போகவில்லை. அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி உள்ள ஒரு பெண், தானாக ஒரு பொலிஸ் நிலையத்தின் படியில் ஏறமாட்டாள். இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமா? கதவைச் சாத்தியவருக்கும் தெரியும். யாருக்கு ஓடிப்போக இடமில்லை என்பதைப் பார்த்துத்தான் இப்படியான கைகள் நீளுகின்றன.

சட்டம் அப்போதும் இருந்தது. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியிருக்கிறது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத பாலியல் சேட்டையும் அதற்குள் அடங்கும் என்று அது விளக்கமாகவே சொல்கிறது. ஐந்து வருடம் வரை சிறை, தண்டம், நட்டஈடு எல்லாம் உண்டு. அந்தப் பிரிவின் பெயரை எனக்கு அன்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் "நாங்க இருக்கிறம்".

சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்கார அன்ரி சொன்னார். கூடவே, "கலியாணம் பேசிற நேரம், கதை ஊருக்குப் போகாமப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை" என்றும் சொன்னார். கந்தோரில் என்னோடு தேத்தண்ணி குடிக்கும் நான்கு பேர் சொன்னார்கள். விசாரணைக்குச் சாட்சி எழுதித் தரக் கேட்டபோது ஒருவருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூட அனுமதி, ஒருவருக்கு வீட்டுக் கடன், ஒருவருக்கு மேலதிகாரியின் கையெழுத்தில் நிற்கும் சம்பள உயர்வு. ஒவ்வொரு காரணமும் உண்மையானது. உண்மையான காரணங்கள் சேர்ந்துதான் என்னைத் தனியே விட்டன.

இந்த நிலையில் ஒருவர் எனக்கு ஒரு வேலை செய்தார். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு சிங்கள அக்கா. அக்கா என்ற சொல் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அவர் "நான் இருக்கிறேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. விசாரணைக் குறிப்பைச் சிங்களத்தில் தட்டச்சு செய்து கையெழுத்துக்குத் தந்தபோது, என் மேசைக்கு வந்து, "வாசித்தாயா?" என்று கேட்டார். என் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதுமான சிங்களம். அவர் கதிரையை இழுத்துப் போட்டு, வரி வரியாக வாசித்து, எனக்கு விளங்கும் சொற்களில் சொன்னார். ஆறாவது வரியில் நிறுத்தினார். "அவர் எனக்குக் கிட்ட வந்து நின்றார்" என்று நான் சொன்னது, "அவர் என்னோடு நெருங்கிப் பழகினார்" என்று ஏறியிருந்தது.

அதைத் திருத்தும் வரை கையெழுத்துப் போடாதே என்றார். மூன்று முறை திருப்பி அனுப்பினோம். நான்காவது முறைதான் நான் சொன்னபடி வந்தது.

விசாரணை முடிவில் அந்த மனிதருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. எனக்கு, என் நன்மைக்காக என்று சொல்லி, இன்னொரு கிளைக்கு மாற்றம். ஏழு மாதத்தில் வேலையை விட்டேன். வெற்றி என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஆறாவது வரி திருந்தாமல் இருந்திருந்தால், என் கையெழுத்தே எனக்கு எதிராக இன்றைக்கும் ஒரு கோப்புக்குள் கிடந்திருக்கும். இத்தனை வருடமாக நான் என்னை மதித்து வாழ்ந்ததில் அந்த அக்காவின் அரை மணித்தியாலத்துக்குப் பங்கு இருக்கிறது.

அதனால்தான் ஆதரவு என்ற சொல்லைக் கேட்டால் இப்போது நான் உடனே கேட்பது: என்ன செய்வீர்கள்? வாசித்துத் தருவீர்களா, கூட வருவீர்களா, கண்டதை எழுதுவீர்களா, பிள்ளையைப் பார்த்துக்கொள்வீர்களா? ஆதரவுக்குப் பின்னால் ஒரு வினைச்சொல் வரவேண்டும். வராவிட்டால் அது ஆறுதல் மட்டும்தான். ஆறுதலும் வேண்டியதுதான், ஆனால் விசாரணை மேசையில் அதை எடுத்து வைக்க முடியாது.

திண்டுக்கல்லில் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். 2021 ஜனவரியில் ஜெயஸ்ரீ கதிரவேல் என்ற இளம் தலித் பெண், ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளி, கொல்லப்பட்டாள். அவளுடைய மேற்பார்வையாளர் கைதானார். அவர் அவளைப் பல மாதமாகத் தொந்தரவு செய்துவந்ததாகக் குடும்பமும் கூட வேலை செய்தவர்களும் சொன்னார்கள். அவள் சேர்ந்திருந்த தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம், பெண்கள் நடத்தும் சங்கம், அஞ்சலிக் கூட்டத்தோடு நிற்கவில்லை. 2022 ஏப்ரலில், அங்கே துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் வரை கட்டுப்படுத்தும் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. அதில் என்னைத் தொட்ட அம்சம், தையல் மெஷின்களுக்கு நடுவிலேயே, தொழிலாளிகளுக்குள்ளிருந்தே சில பெண்களைக் கண்காணிப்பாளர்களாகப் பயிற்றி வைத்தது. யாராவது தொந்தரவு செய்தால், பக்கத்து மெஷினில் இருப்பவளிடம் சொல்லலாம். அவள் அதை மேலே கொண்டுபோவாள், முறையிட்டவள் பழிவாங்கப்படாமல் பார்ப்பாள். எனக்கு ஒரு சிங்கள அக்கா அதிர்ஷ்டத்தால் கிடைத்தார். திண்டுக்கல் பெண்கள் அந்த அதிர்ஷ்டத்தை ஒரு பதவியாக்கி வைத்தார்கள்.

வினைச்சொல் பல விதம். பாடகி சின்மயி 2018இல் தனக்கு நடந்ததைச் சொன்ன பிறகு, டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அவரைப் பாராட்டி எழுதியவர்கள் ஆயிரம் பேர். ஆனால் 2023இல் 'லியோ' படத்தில் திரிஷாவுக்குக் குரல் கொடுக்க அவரைக் கூப்பிட்டவர்கள் வேலை கொடுத்தார்கள். இங்கே இலங்கையில் 2021 ஜூனில் பெண் ஊடகவியலாளர்கள் தங்கள் செய்தி அறைகளில் நடந்ததை ஒருவர் பின் ஒருவராகப் பகிரங்கமாகச் சொன்னார்கள். முதலாமவளுக்கு இரண்டாமவள் செய்த உதவி, தானும் சொன்னதுதான்.

அவள் கோல் எடுத்ததற்கு அடுத்த ஞாயிறு 155 பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். புனித லூசியா பேராலயத்தில் பூசை முடிந்து சனம் கலையும் நேரம். அவளுடைய வீட்டு முன்னறையில் அப்பியாசக் கொப்பி ஒன்றை விரித்துக்கொண்டு இருந்தோம். நான் இன்று அறிந்தவற்றை அன்று அறிந்திருந்தால் எனக்கு எதைச் சொல்லியிருப்பேனோ, அதையே அவளுக்குச் சொன்னேன்.

முழு ஆதரவையும் ஒரே ஆளிடம் தேடாதே. அப்படித் தேடினால், அந்த ஆள் ஒரு கிழமையில் களைத்துப் போவார். நீ கைவிடப்பட்டதாக நினைப்பாய். ஒவ்வொருவரிடமும் அவர் செய்யக்கூடிய ஒன்றைக் கேள். சாட்சி சொல்லப் பயப்படும் தோழியிடம் மத்தியானம் கூட இருந்து சாப்பிடக் கேள். அது அவளால் முடியும். நடந்ததையெல்லாம் திகதி, நேரத்தோடு எழுது. மெசேஜ்களைப் படமெடுத்துக் கந்தோருக்கு வெளியே வை. விளங்காத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்து வைக்காதே. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, பொலிஸில் தமிழில் வாக்குமூலம் கேட்பது சலுகை கேட்பது அல்ல. ராஜினாமாக் கடிதத்தை இரவில் அழுதுகொண்டு எழுதாதே. அதற்கு முன் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒருமுறை கேள். 1938 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. 1987 முதல் இயங்கும் தேவை நாடும் மகளிர் அமைப்பில் மனதைக் கொட்டவும் ஆள் இருக்கிறது, சட்டம் கேட்கவும் ஆள் இருக்கிறது.

அவளுடைய அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் என்ன செய்யலாம்?" என்றார். முதல் நாள் அவர் மகளிடம் கேட்ட கேள்வி, "ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?" என்பது. அந்தக் கேள்விக்குப் பிறகு இரண்டு பேரும் சரியாகக் கதைக்கவில்லை. அம்மாமார் பயத்தில் கேட்கும் கேள்வி பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாக விழும். "இனி ஒண்டும் கேட்காதேங்கோ அம்மா. அவள் வேலையால வந்தோண்ண கூட இருங்கோ" என்றேன். அதையும் மகள் கொப்பியில் எழுதினாள்: அம்மா, பின்னேரம், கூட இருக்கிறது.

பட்டியல் நீண்டது. மாமா ஒருவர் குறிப்புகளை வாசித்துச் சொல்வார். பல்கலைக்கழகத் தோழி கடிதம் திருத்துவாள். தம்பி படங்களைப் பத்திரப்படுத்துவான். விசாரணை அன்று கட்டடத்து வாசலில் காத்திருக்கும் வரிக்கு நேரே மட்டும் பெயர் இல்லை. அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்கக் கூச்சப்பட்டாள். அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு தொல்லை கொடுத்துவிட்டோம், இன்னொன்றும் கொடுக்கலாமா என்று மனம் கூசும். தொல்லை கொடுத்தவர் ஒருவர் இருக்க, தொல்லை ஆனவள் தான் என்று நினைக்கும் கூச்சம்.

"என்ர பேரை எழுதும் பிள்ளை" என்றேன்.

புதன்கிழமை வாசலுக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். வெளியே வந்தவள் விசாரணை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முடிவு வர இன்னும் பல வாரம் ஆகும், எப்படி வரும் என்பதும் எங்கள் கையில் இல்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் பேசாமல் நடந்தோம். அங்கே வந்ததும், "அக்கா, பசிக்குது" என்றாள்.

பஸ்ஸை விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கடை தேடித் திரும்பி நடந்தோம்.