ஹிரோஷிமாவில் ஒரு கொள்ளுப்பேத்தி

வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா என்று அறிவித்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும் மேடம்?" நியாயமான கேள்வி. எங்கள் கல்லூரிக்கு வருபவர்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துப் பிள்ளைகள். நகையை அடகு வைத்தும், தேங்காய் வெட்டின பணம் வரட்டும் என்று தவணை கேட்டும் பலர் கட்டுகிறார்கள். அப்பாவோ மாமாவோ வேலைக்காகத் துபாய் போன பாஸ்போர்ட் வீட்டில் இருக்கும். ஊர் பார்த்துப் படித்துவிட்டு வர எடுத்த பாஸ்போர்ட் அநேகமாக அந்தக் குடும்பத்திலேயே இதுதான் முதலாவது. அவர்களுடைய இரண்டாவது கேள்வி, "என்னென்ன காட்டுவீங்க?" பதில் சொல்ல நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இந்தக் கேள்விக்குத்தான்.

வழக்கமான பட்டியல் எல்லோருக்கும் தெரியும். ஒரு தொழிற்சாலை, ஒரு பல்கலைக்கழகம், உயரமான ஒரு கோபுரம், புல்லட் ரயில், கடைசி நாள் ஷாப்பிங். திரும்பி வந்ததும் எழுதித் தரும் அறிக்கையும் ஒரே மாதிரி இருக்கும். தெருவில் குப்பை இல்லை, ரயில் ஒரு நிமிடம் பிந்துவதில்லை, எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள், நாம் எப்போது இப்படி ஆவோம்? இவற்றைத் தெரிந்துகொள்ள விமானம் ஏற வேண்டியதில்லை. விமானம் ஏறிப் போய்த் தெரிந்துகொண்டாலும் மிஞ்சுவது சொந்த ஊரைப் பற்றிய கூச்சம்தான். அந்தக் கூச்சத்தைப் படிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாடு தன் சாதனைகளை அடுக்கிவைத்திருக்கும் இடத்தில் அதன் ஒரு முகம்தான் தெரியும். அது அழும் இடத்தில், தன்னைப் பற்றிப் பேசத் தயங்கும் இடத்தில் நின்றால்தான் அங்கே இருப்பவர்களும் நம்மைப் போன்ற மனிதர்கள் என்பது உறைக்கும். அங்கே போகும்போது நம் வீட்டுக் கதையும் நம்மோடு வர வேண்டும்.

இதை எனக்குத் தெளிவாக்கியது ஹிரோஷிமாவில் கழிந்த ஒரு பிற்பகல்.

நாங்கள் அங்கே போனது மஸ்தா நிறுவனத்துக்காக. மெக்கானிக்கல் துறை மாணவர்கள் என்பதால் அதன் கார் அருங்காட்சியகத்துக்கு முன்பே பதிவு செய்திருந்தோம். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். காலையில் மஸ்தாவைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குமேல் டிராமில் அமைதிப் பூங்காவுக்குப் போனோம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு அணுகுண்டு விழுந்த ஊரில், மூன்றே நாளில் ஒரு பகுதித் தடத்தில் டிராம் திரும்ப ஓடத் தொடங்கியது. அன்று சேதப்பட்டுச் சீரமைக்கப்பட்ட பெட்டிகளில் ஒன்றிரண்டு பின்னும் பல பத்தாண்டுகள் ஓடின. இதைச் சொன்னபோது பையன்கள் பொறியியல் வியப்போடு கேட்டுக்கொண்டார்கள். பூங்காவிலுள்ள அமைதி அருங்காட்சியகத்துக்குள் போன பிறகு அந்த வியப்புப் பேச்சு நின்றுபோனது.

உள்ளே ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கிறது. நடுநிலைப் பள்ளியில் முதலாம் ஆண்டு படித்த பையனுடையது. விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்கு ஊரின் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். குண்டு விழுந்தபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வெட்டவெளியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தது அதனால்தான். இந்தப் பையனின் உடலைத் தேடிக் கண்டெடுத்தவர் அவன் அம்மா. டப்பா உடலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. உள்ளே இருந்த சோறு அப்படியே கரியாகிவிட்டது. அரிசியோடு பார்லியும் சோயாவும் கலந்த போர்க்காலச் சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. டப்பா நசுங்கியிருக்கிறது, மூடி தனியே இருக்கிறது, கரியிலும் பருக்கை பருக்கையாகத் தெரிகிறது. காலையில் ஒரு தாய் அடைத்துக் கொடுத்த சோறு. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் ஊரிலிருந்து பஸ்ஸில் வருபவர்கள். பையில் டிபன் பாக்ஸ் இல்லாமல் வந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர அவர்களுக்கு வெகுநேரம் ஆனது.

வெளியே வந்தால் பூங்கா முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள். ஜப்பானில் பள்ளி முடிக்கும் தறுவாயில் வகுப்போடு சுற்றுலா போவது வழக்கம், ஹிரோஷிமாவுக்கு வரும் பள்ளிகள் ஏராளம். மஞ்சள் தொப்பி போட்ட நாலைந்து சிறுவர் சிறுமியர் எங்களிடம் வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து எழுத்துக்கூட்டி ஆங்கிலத்தில் கேட்டார்கள். எந்த நாடு? ஹிரோஷிமாவைப் பற்றி முன்பே தெரியுமா? அமைதி பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பதிலை எழுதச் சொல்லி நோட்டை நீட்டினார்கள். எழுதியதும் ஆளுக்கொரு காகிதக் கொக்கைக் கொடுத்துக் குனிந்து வணங்கிவிட்டு ஓடினார்கள்.

எங்கள் மாணவி ஒருத்தி கையில் கொக்கை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "மேம், எங்க தாத்தாவோட அப்பா சயாம் ரயில் போட்ட இடத்துல செத்துட்டாராம். ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போனதாச் சொல்லுவாங்க. அதப் பத்தி இங்க எங்கயாச்சும் இருக்குமா?"

சயாம் மரண ரயில் என்று நம்மவர்கள் சொல்லும் பாதை அது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-இன் பிற்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானிய ராணுவம் முடித்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள். அவர்களைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் உண்டு. காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகளை வரிசை வரிசையாகப் பராமரிக்கிறார்கள். கைதிகளைவிடப் பல மடங்கு பேர் ஆசியக் கூலிகள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் ஆசியக் கூலிகள் 90,000 பேர் அளவில் மாண்டிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் பலர் தரும் மதிப்பீடு. போதிய மருத்துவர் கிடையாது, முறையாகக் கணக்கெழுத ஆள் கிடையாது. இறந்தவர்களை எரித்தார்கள் அல்லது காட்டிலேயே குழி தோண்டித் தள்ளினார்கள்.

அவளுடைய கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனவர். கைக்குழந்தையும் மனைவியும் ஊரில் இருந்தார்கள். போர் வந்ததும் கடிதம் நின்றது. போர் முடிந்து திரும்பிய ஒருவர் சொல்லித்தான் சயாமுக்குப் போனது தெரியும். செத்ததைக் கண்ணால் பார்த்தவர் யாரும் வரவில்லை என்பதால் கொள்ளுப்பாட்டி கடைசிவரை குங்குமத்தை அழிக்கவில்லையாம்.

அந்த அருங்காட்சியகம் குண்டைப் பற்றியது. சயாமை அங்கே தேடுவதில் பொருளில்லை என்று சொல்லி நான் பேச்சை முடித்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டதற்கும் அந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஹிரோஷிமா வெறும் அப்பாவி ஊராக மட்டும் இருந்ததில்லை. 1894-இல் சீனாவோடு போர் மூண்டபோது பேரரசரே வந்து தங்கிப் போர்த் தலைமையகம் நடத்திய ஊர் அது. அங்கிருந்த உஜினா துறைமுகம் வழியாகத்தான் படைகள் கப்பலேறின. 1941 டிசம்பரில் தொடங்கி மலாயா வழியே சிங்கப்பூர் வரை இறங்கிய படைகளில் ஒன்றான ஐந்தாம் டிவிஷன், ஹிரோஷிமாவைத் தலைமையிடமாகக் கொண்டது. அந்த வட்டாரத்து விவசாயி வீட்டுப் பையன்கள் அதில் சிப்பாய்கள். இதையெல்லாம் சொன்னபடியே அவளை ஆற்றோரமாக அழைத்துப் போனேன். அங்கே கல் ஆமை ஒன்று முதுகில் தூணைச் சுமந்து நிற்கிறது. குண்டில் இறந்த கொரியர்களின் நினைவுச் சின்னம். ஜப்பான் தன் ஆட்சியின் கீழ் வைத்திருந்த கொரியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் வரவழைக்கப்பட்டவர்களுமாக ஆயிரக்கணக்கானோர் இந்த ஊரில் இறந்தார்கள். 1970-இல் சின்னம் எழுப்பியபோது அது பூங்காவுக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பூங்காவுக்குள் வந்தது 1999-இல். பாலம் கடந்து இந்தப் பக்கம் வர 29 ஆண்டுகள்.

அங்கே நின்ற தன்னார்வ வழிகாட்டி அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும், ஆங்கிலம் நன்றாகவே பேசினார். எங்கள் மாணவி அவரிடம் தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல நிதானமாகத்தான் சொன்னாள். பிரிட்டிஷ் கைதிகளைப் பற்றித் தெரியும், இந்தியர்கள் இத்தனை பேர் என்று தெரியாது என்றார் அந்த அம்மாள். ஆறுதலாக எதுவும் சொல்லாமல் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார்.

அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் "மலேயாத் தாத்தா" என்றே சொல்லிப் பழக்கம். உடனே வாட்ஸ்அப்பில் ஊருக்குப் போட்டாள். நம் ஊரில் உச்சி நேரம். எண்பது தாண்டிய தாத்தா, எதற்கு இப்போது அந்தப் பேர் என்று கேட்டிருக்கிறார். "இங்க ஒரு அம்மா எழுதிக்கணுமாம் தாத்தா" என்றாள். தாத்தா அப்பா பெயரைச் சொல்லி, அந்த அப்பாவின் ஊரையும் சொல்லி, இரண்டையும் சரியாக எழுதினார்களா என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார். அந்த அம்மாள் ஒவ்வொரு எழுத்தையும் திரும்பச் சொல்லிப் பார்த்து, ஜப்பானிய எழுத்தில் எழுதிக்கொண்டார்.

எழுதப்பட்ட ஒரு பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தப் பூங்காவைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது. நடுவிலுள்ள நினைவு மண்டபத்தின் அடியில் குண்டால் இறந்தவர்களின் பெயர்ப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 அன்று, குண்டுக்கு ஆளாகிப் பிழைத்து அந்த ஆண்டில் இறந்ததாக உறுதியானவர்களின் பெயர்களையும் சேர்க்கிறார்கள், எண்ணிக்கை 3,40,000-ஐத் தாண்டிவிட்டது. சயாம் பாதையில் செத்த தமிழர்களுக்கு அப்படி முழுமையான பதிவேடு ஒன்று இல்லை. வைக்காமல் போனதில் ஜப்பானுக்குப் பங்கு உண்டு, தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோன பிரிட்டிஷாருக்குப் பங்கு உண்டு. நம் ஊர்களில் இந்தக் கதையைக் கேட்டு எழுதாமல் விட்ட நமக்கும் உண்டு என்றே நினைக்கிறேன்.

அன்று இரவு விடுதி வரவேற்பறையில் பெரிய வாக்குவாதம். ஒரு மாணவனின் கொள்ளுத்தாத்தா நேதாஜி படையில் இருந்தவர். அவர்கள் வீட்டுக் கூடத்தில் சீருடைப் படம் மாட்டியிருக்கிறதாம். "ஜப்பான் நமக்கு உதவின நாடு" என்பது அவன் கட்சி. அவனும் பொய் சொல்லவில்லை. 1943-இல் போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த பொதுமக்களில் பெரும்பகுதி அதே மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள். ஜான்சி ராணிப் படைக்குப் போன பெண்களிலும் தோட்டத்துப் பெண்கள் பலர். ஒரே லய வீட்டு வரிசையில் ஒருவர் சயாமுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் நேதாஜி படைக்கும் போயிருக்கலாம். இன்னொரு பையன், "அப்போ குண்டு போட்டது சரியா மேம்?" என்று கேட்டான். மதியம் அந்த டப்பாவின் முன் அதிக நேரம் நின்றவன் அவன்தான்.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. குண்டு போட்டது கொடுமை என்பதில் எனக்கு ஐயமே இல்லை, அதைச் சொன்னேன். ஆனால் சயாம் சாவையும் நேதாஜி படையையும் கரிந்த சோற்றையும் ஒன்றால் ஒன்றைக் கழித்துச் சரிக்கட்டப் பார்த்தபோது தடுத்தேன். மூன்றும் மூன்றாகவே நிற்கட்டும் என்றேன். இருபது வயதில் அது பாரம்தான். இருந்தாலும் அந்த வயதில் சுமக்கப் பழகாதவர்கள், பிறகு யாராவது ஒரு பக்கக் கதையைக் கொண்டுவந்து கொடுத்தால் அப்படியே வாங்கிக்கொள்வார்கள். அந்தப் பயம் எனக்கு உண்டு.

இப்போதெல்லாம் எந்த நாட்டுக்குச் சுற்றுலா என்றாலும், விசாவுக்குக் கொடுப்பதற்கு முன்பே பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். அந்த நாட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும், இல்லாவிட்டால் உங்கள் தெருவுக்கும் என்ன தொடர்பு? பெரியவர்களிடம் கேட்டு, பெயர்களோடு எழுதி வாருங்கள். பதில்கள் வருகின்றன. ரங்கூனில் கடை வைத்திருந்து நடந்தே திரும்பியவர்கள், ரஜூலா கப்பலில் பினாங்கு போனவர்கள், சவூதியில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள். சில வீடுகளில் பேரப்பிள்ளை கேட்கும் வரை யாருமே அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அடுத்த ஜப்பான் பயணத்துக்கான பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்தார். ஹிரோஷிமாவில் ஒரு முழு நாள் எதற்கு, அதைக் குறைத்து ஒசாகாவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் காட்டலாமே, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்றார். கடன் வாங்கிக் கட்டுகிற மனிதர், பிள்ளை சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைக்கிறார். அவர் மனம் எனக்குப் புரிந்தது. அந்த ஒரு நாளைக் குறைக்க மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். வீட்டில் யாராவது மலாயாவுக்குப் போனவர்கள் உண்டா என்றும் கேட்டேன். இருந்தார்கள், அவருடைய அப்பத்தாவின் அண்ணன் இரண்டு பேர்.