மிச்சம்

சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கான வழிகளைச் சொல்ல, டாக்டர் வெள்ளைத்தாளின் நடுவே ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம் நீண்ட முறை: முந்தின மாதவிலக்குச் சுற்றின் 21-ம் நாளே ஊசி தொடங்கி, பிட்யூட்டரி சுரப்பியை அடக்கிவிட்டு, அப்புறம்தான் முட்டை வளர்க்கும் ஊசி. வலப்பக்கம் ஆன்டகோனிஸ்ட் முறை: விலக்கான இரண்டாம் நாளே முட்டை வளர்க்கும் ஊசி, சில நாள் கழித்து, முட்டை முன்கூட்டியே வெடித்துவிடாமல் தடுக்க இன்னொன்று. பிள்ளை பிறக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை, சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் ஆபத்து இரண்டாவதில் குறைவு என்றார். தாளின் அடியில் சின்னதாக மூன்றாவது: குறைந்த டோஸ். முட்டையும் குறையும், வாய்ப்பும் குறையும்.

துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறவள் நான். இரண்டு பத்தியை ஒப்பிடுவது பழகின வேலை. ஆனால் என் கேள்விக்கு அந்தத் தாளில் பத்தியே இல்லை. 12 முட்டை வந்து 8 கருவானால், ஒன்றிரண்டை எனக்குள் வைத்தபின் மிச்சம் என்ன ஆகும்?

பனிமய மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினவள் நான். 1987-ல் ரோம் வெளியிட்ட 'டோனும் வீட்டே' என்ற போதனை ஏடு, கருவான கணத்திலிருந்தே அதை ஓர் ஆளாக மதிக்கச் சொல்கிறது. ஆய்வுக்கூடத் தட்டில் உயிரை உண்டாக்குவதையும் விலக்குகிறது. ஊசியே பாவம் என்று திருச்சபை சொல்லவில்லை. தாம்பத்தியத்துக்குத் துணை நிற்கிற மருத்துவம் ஆகும், அதன் இடத்தைப் பிடிக்கிற மருத்துவம் ஆகாது.

அந்த ஊசியின் பூர்வீகமோ கன்னியர் மடம். மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரில் முட்டையை வளர்க்கும் ஹார்மோன் ஏராளம். இத்தாலியின் செரோனோ கம்பெனி வயதான கன்னியாஸ்திரிகளின் சிறுநீரைச் சேகரித்து 'பெர்கோனால்' மருந்தை எடுத்தது. அந்தக் கம்பெனியில் வத்திக்கானுக்கும் பங்கு இருந்தது. அதைப் போட்டுக்கொண்ட தாய்க்கு 1962-ல் இஸ்ரேலில் முதல் குழந்தை பிறந்தது. எனக்குத் தந்த மருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களிலிருந்து வருகிறது. இருந்தாலும், இரவு எட்டு மணிக்கு அத்தை ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பேனா ஊசியை எடுத்துத் தரும்போதெல்லாம் அந்தக் கிழவிகள்தான் நினைவில் நிற்பார்கள். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளிச் சதையைக் கிள்ளிக் குத்த வேண்டும். குத்தியபின் பத்து எண்ணும்வரை உருவக் கூடாது. எண்ணுவதற்குப் பதில் அவர்களுக்காக ஓர் அருள்நிறைந்த மரியே சொல்வேன்.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன், ஊசி போடாமல் தானாக விளைந்த ஒற்றை முட்டையின் பிள்ளை. 70 நாள் கழித்துக் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி முயற்சியில் துர்கா பிறந்தாள். அவர் ஹார்மோன் கொடுத்து முட்டைகளை வளர்த்தார், கருவை உறைய வைத்தார். பாவம், அன்று அவரை அதிகாரத்தில் இருந்தவர்கள் நம்பவில்லை. 1981-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். பிற்பாடு உலகமே போனது அவர் வழியில்தான். அந்த வழியில்தான் மிச்சமும் வந்தது.

பாட்டையா முத்துக்குளித்தவர். 1961-ல் நடந்த கடைசிக் குளிப்பு வரை கடலடிச் சிப்பிப் பாருக்குப் போனவர். எடுத்த சிப்பியைக் கரையில் குவித்து அழுக விட்டு, கழுவித்தான் முத்து தேடுவார்களாம். நல்ல முத்து ஒன்றுக்கு எத்தனையோ ஆயிரம் சிப்பி. அந்த நாற்றம் ஊர் வரைக்கும் வரும் என்பார். முத்துக்கு அந்தக் கணக்கு சரி. என் பிள்ளையை அப்படித் தேட எனக்கு மனம் வரவில்லை.

குறைந்த டோஸில் ஆன்டகோனிஸ்ட் போதும் என்றேன். இரண்டு முட்டையை மட்டும் கருவாக்குங்கள், ஆனதை எல்லாம் எனக்குள்ளேயே வைத்துவிடுங்கள் என்றேன். "தவறிப்போனால் மறுபடி ஊசி, மறுபடி செலவு. உங்களுக்கு 36 ஆகுதும்மா" என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மிச்சம் விழுந்தால், 2021-ம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கருவை 10 ஆண்டு வரை உறைநிலையில் வைக்கலாம். பிறகு அழிய விட வேண்டும், அல்லது ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். படிவத்தில் மிச்சக் கருவைப் பற்றிக் கேட்ட இடத்தில் என் வீட்டுக்காரர் குறுக்கே கோடு போட்டார். இரண்டு பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம்.

நாலு முட்டை வந்தது. இரண்டு கருவாகி, இரண்டும் இப்போது எனக்குள் இருக்கின்றன.

எண்ணிக்கையைக் குறைத்ததால் திருச்சபைக்கு இது சரியாகிவிடாது. தெரிந்தேதான் செய்தேன். தடையை மீறின கையாலேயே அந்தத் தடை காக்க நினைத்த உயிரைக் காக்க முடியும் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையைச் சாக்காக வைத்து நற்கருணைக்குப் போக மட்டும் துணிவில்லை. ஞாயிறு பூசையில் வரிசை நகரும்போது, பெஞ்சிலேயே உட்கார்ந்து, முழங்காலை ஒதுக்கி அத்தைக்கு வழிவிடுகிறேன்.