வெட்டுப்புள்ளியும் மனிதத் தகுதியும்

பொதுப் பரீட்சை இருவேறு பணிகளைச் செய்கின்றது. மாணவன் ஒருவன் குறித்த பாடத்தில் எவ்வளவு அறிந்துள்ளான் என்பதை அளப்பது ஒன்று. சமுதாயத்திடம் போதிய அளவு இல்லாத ஒன்றை, நல்ல பாடசாலையின் இடத்தையோ பல்கலைக்கழகத்தின் இடத்தையோ, பலருள் சிலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது மற்றொன்று. முன்னையது அளவை, பின்னையது பங்கீடு. இவ்விரண்டும் ஒரே வினாத்தாளின் மூலம் நிறைவேற்றப்படுவதால் இரண்டும் ஒன்றே என்னும் மயக்கம் எளிதில் ஏற்பட்டுவிடுகின்றது. பங்கு கிடைக்காதவனைத் தகுதியற்றவன் என்று பிறர் கருதுவதும், நாளடைவில் அவனே அவ்வாறு நம்பத் தொடங்குவதும் இம்மயக்கத்தின் விளைவுகளாம். இலங்கையின் பரீட்சை முறையை அறநோக்கில் ஆராயப் புகுவோர் முதற்கண் தெளிய வேண்டியது இதுவேயாகும்.

பொதுப் பரீட்சையின் நன்மையை மறுப்பது நன்றி மறத்தலாகும். பிறப்பும் செல்வமும் செல்வாக்குமே கல்வியின் வாயிலைத் திறந்த ஒரு சமுதாயத்தில், விடைத்தாளில் பெயரை நீக்கிச் சுட்டெண்ணை மட்டும் எழுதச் செய்தமை சாதாரண மாற்றமன்று. எழுதியவன் யார் மகன், எச்சாதியினன், எவ்வூரவன் என்பவற்றைத் திருத்துபவர் அறியார். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழு 1943இல் வெளியிட்ட அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அவற்றையொட்டிப் பெருகிய மத்திய மகா வித்தியாலயங்களும் இந்நோக்கையே அடிப்படையாகக் கொண்டவை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் அவ்வழி வந்ததே. வறிய வீட்டில் பிறந்த திறமையுள்ள பிள்ளையைக் கண்டெடுத்து, அதற்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் வழங்குவது அதன் குறிக்கோளாயிருந்தது.

எனினும், ஒரே வினாத்தாளை எழுதுவோர் அனைவரும் ஒரே பரீட்சையை எழுதுகின்றனர் எனல் பொருந்தாது. நகரத்துப் பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள்களும் தனியார் வகுப்புகளும், அருகிருந்து சொல்லிக் கொடுக்கும் படித்த பெற்றோரும் உண்டு. தோட்டத்து லயத்திலோ வன்னியின் உட்கிராமத்திலோ வாழும் பிள்ளைக்கு இவற்றுள் ஒன்றும் இல்லாதிருக்கலாம். அங்குள்ள பாடசாலையில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பாடங்களைக் கற்பிக்க ஆசிரியரே இல்லாத நிலையும் புதியதன்று. இருவரும் பெறும் 140 புள்ளிகள் எண்ணளவில் சமமெனினும் அவ்வெண்ணுக்குப் பின்னுள்ள உழைப்பு சமமன்று. வறிய பிள்ளைக்கென எழுந்த புலமைப்பரிசில் பரீட்சை, பிரபல பாடசாலைகளின் இடங்களுக்காக வசதியுள்ள பெற்றோர் தம்முள் நடத்தும் போட்டியாகவும் மாறியமை இதற்குத் தக்க சான்று. அப்போட்டியின் சுமை பத்து வயதுப் பிள்ளையின் தோள்மீது ஏற்றப்படுகின்றது.

புள்ளி மட்டும் நீதியாகாது எனின், புள்ளியைத் திருத்துதல் நீதியாகுமா? இவ்வினாவை இலங்கைத் தமிழரைப்போல நேரடியாக எதிர்கொண்ட சமூகங்கள் சிலவே. 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக அனுமதியில் மொழிமூலத்துக்கேற்ப வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வகுக்கப்பட்டன. மருத்துவத்துறைக்கு 400 புள்ளிகளுள் தமிழ்மொழி மூல மாணவர் 250 பெற வேண்டியிருக்க, சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதியதாயிற்று. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் தொடர்ந்தன. இவற்றை ஒன்றாகக் கருதிவிடுதல் தவறு. மொழிமூலம் வறுமையின் அளவுகோலன்று. அதனை அளவுகோலாகக் கொண்டபோது கொழும்பின் செல்வந்தர் வீட்டுச் சிங்களமொழி மூல மாணவன் சலுகை பெற, மன்னாரின் ஏழைத் தமிழ்மொழி மூல மாணவன் அதற்கு விலை கொடுத்தான். இது அநீதி என்பதில் ஐயமில்லை. மாவட்ட அடிப்படைக்கோ ஒரு நியாயம் உண்டு. அது யாழ்ப்பாண மாணவரைப் பாதித்ததெனினும், வசதி குறைந்த மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர் சிலருக்கு வாயிலையும் திறந்தது. ஆயினும் மாவட்டம் என்பது பெருங்கண் சல்லடை. ஒரே மாவட்டத்தின் நகரத்து வைத்தியர் பிள்ளையையும் கரையோர மீனவர் பிள்ளையையும் அது பிரித்தறிய மாட்டாது.

அன்றைய விவாதங்களில் ஈடுபட்ட இரு சாராரும் ஓர் எடுகோளில் ஒன்றுபட்டிருந்தமை நோக்கற்பாலது. மனிதனின் உண்மைத் தகுதியைக் காட்டும் ஓர் எண் உண்டு என்பதே அது. ஒரு சாரார் அவ்வெண் பெற்ற புள்ளியே என்றனர். மறு சாரார் திருத்திய புள்ளியே என்றனர். 2001இல் அறிமுகமான இசற் புள்ளி முறையும் இத்தேடலின் தொடர்ச்சியே. ஒரு பாடத்தில் மாணவன் பெற்ற புள்ளி அப்பாடத்தின் இடையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பதை நியம விலகலால் வகுத்துக் காண்பது அதன் வழி. பாடங்களின் கடினத்தை ஈடுசெய்ய இது உதவுமெனினும், நான்காம் தசமதானத்தில் மனிதரைப் பிரிக்கும் நுண்மையை அறிவின் நுண்மையெனக் கொள்ளல் தகாது. பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியோரை ஒருங்கு சேர்த்துக் கணித்த 2011ஆம் ஆண்டுப் பெறுபேற்றின் இசற் புள்ளிகளை உயர் நீதிமன்றம் 2012இல் செல்லாதனவாக்கியபோது, மீண்டும் கணித்த புள்ளிகள் வேறாயின. மாணவரின் அறிவோ மாறவில்லை.

உண்மை யாதெனில், வெட்டுப்புள்ளி மாணவனைப் பற்றிக் கூறுவதிலும் பார்க்க நாட்டைப் பற்றியே மிகுதியாகக் கூறுகின்றது. 2020களின் தொடக்க ஆண்டுகளில் உயர்தரப் பரீட்சையின் மூலம் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றோர் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். இடம் பெற்றோரோ ஏறத்தாழ நாற்பதினாயிரவர். எஞ்சியோரையும் தகுதியுடையோர் என்றே அரசின் ஏடுகள் குறிக்கின்றன. அவர்களுக்கு இல்லாதிருந்தது இடமேயன்றித் தகுதியன்று. கதிரைகள் இரு மடங்காயின் வெட்டுப்புள்ளி தாழும். நேற்றுத் 'தவறியவன்' இன்று மாணவனாவான்.

தகுதியையும் தெரிவையும் வேறுபிரித்தறியும் நோக்குத் தமிழர் வரலாற்றுக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரியும் முறையை வகுக்கின்றது. நிலம், மனை, கல்வி, 35 முதல் 70 வரையான வயது ஆகிய தகுதிகளை உடையோரின் பெயர்கள் ஓலைகளில் எழுதிக் குடத்திலிடப்பட, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அத்தகுதிகள் நிலமுடைய பிராமணருக்குரியனவாய்ப் பெரும்பான்மையோரைப் புறத்தே நிறுத்தியமை அம்முறையின் பெருங்குறை. ஆயினும், ஓலை வராதவனைத் தகுதியற்றவன் என்று அது கூறவில்லை. குடவோலையால் வைத்திய மாணவரைத் தெரிய வேண்டுமென்பது இதன் கருத்தன்று. தெரிவு என்பது தீர்ப்பு அன்று என்னும் தெளிவே அதனிடம் கற்கத்தக்கது.

இவ்வாறாயின் உழைப்புக்குப் பொருள் என்னை என்று வினவுவோர் உளர். அவர்தம் வினா தள்ளத்தக்கதன்று. உழைத்தவன் அறிவு பெறுகின்றான்; அது அவனுக்கே உரியது; அதனைப் புள்ளி ஓரளவு காட்டவும் செய்கின்றது. ஆனால், அவனுக்குக் கிடைத்த இடம் அவ்வுழைப்பால் மட்டும் வந்ததன்று. ஆசிரியர் இருந்த பாடசாலையும், விளக்கெரிந்த வீடும், இலவசக் கல்விக்கு வரி செலுத்திய எண்ணற்றோரும் அதிற் பங்குடையோர். உழைப்பு அறிவுக்கு உரிமை தரும். பிறரை இழிவாக நோக்கும் உரிமையைத் தராது.

பரீட்சையை ஒழித்தல் இதற்குத் தீர்வாகாது. ஒழிப்பின் செல்வாக்கும் சிபாரிசும் அவ்விடத்தில் வந்தமரும். வேண்டுவது, அளவையை அளவையாகவும் பங்கீட்டைப் பங்கீடாகவும் கொள்ளும் நேர்மை. அந்நேர்மை அரசிடம் பிறப்பின், புள்ளியைத் திருத்தும் சூத்திரங்களிலும் பார்க்க ஆசிரியரில்லாப் பாடசாலைகள் அதன் முதற் கவலையாகும். பெற்றோரிடம் பிறப்பின், பத்து வயதுப் பிள்ளை தன் புள்ளியைச் சொல்ல அஞ்சாது. பல்கலைக்கழக வாயிலின் உள்ளே நிற்போரிடம் பிறப்பின், வெளியே நிற்பவன் தோற்றவனாகத் தோன்றான். அவன் அமரத் தக்க கதிரை இன்னும் செய்யப்படவில்லை என்பதும், அதனைச் செய்யும் கடனில் தமக்கும் பங்குண்டு என்பதும் அவர்க்குப் புலப்படும்.