கொடுத்த கையும் வாங்கிய கையும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரிலும் கைகள் நீளுகின்றன. அவற்றில் காசும் சோறும் விழுகின்றன. கொடுத்தவர் விடிவதற்குள் தம் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறார். யாருக்குக் கொடுத்தோம் என்பதை அவர் அறியார். யார் கொடுத்தார் என்பது வாங்கியவருக்கும் நினைவில் இராது. அக்கொடையில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆயினும், வாங்கியவன் மறுநாள் கொடுத்தவன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்னும் நிம்மதி அதில் உண்டு.

அதே ஊரின் பள்ளிக்கூடங்களில் நடைபெறும் கொடை வேறு வகை. ஒரு மாணவனுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. அல்லது ஓர் ஆசிரியைக்குப் புற்றுநோய் என்று தெரிய வருகிறது. இறைவணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் செய்தியைச் சொல்லுகிறார். வகுப்புதோறும் உண்டியல் வருகிறது. பிள்ளைகள் தின்பண்டக் காசைப் போடுகிறார்கள். இங்கே கொடுப்பவனும் வாங்குபவனும் மறுநாள் காலையில் ஒரே பெஞ்சில் அமர வேண்டியவர்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அரசின் காப்பீடு இருக்கையில் வசூல் எதற்கு என்று கேட்போர் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது; தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது உதவுகிறது. பெரும் பேறுதான். ஆனால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூருக்கு வாரம் இருமுறை பிள்ளையைத் தூக்கிச் செல்லும் தாயின் பேருந்துக் கட்டணத்தையோ, அவள் இழந்த கூலியையோ, ஆஸ்பத்திரி வாசலில் எடுத்த அறையின் வாடகையையோ காப்பீட்டு அட்டை தருவதில்லை. ஆகவே வசூல் தேவையே. எப்படிச் செய்வது என்பதுதான் கேள்வி.

நாம் அறிந்த ஒரு பள்ளியில் (ஊரும் பெயரும் வேண்டா) இத்தகைய வசூல் குறைவின்றி நடந்தது. பையனும் இறையருளால் குணமடைந்து திரும்பினான். சில மாதங்கள் கழித்து, பந்து விளையாட்டில் ஒரு சச்சரவு. "எங்கள் காசில் பிழைத்தவன்தானே நீ!" என்றான் ஒருவன். சொன்னவன் கெட்ட பிள்ளை அல்லன். வசூலின்போது தன் பெருநாள் காசு முழுவதையும் உண்டியலில் போட்டவன் அவனே. கேட்டவன் ஒரு வாரம் பள்ளிப் பக்கம் வரவில்லை.

சொல்லிக் காட்டுதலும் மனம் நோகச் செய்தலும் தருமத்தைப் பாழாக்கும் என்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்றே, மறைத்து ஏழைக்குக் கொடுப்பது அதனினும் நன்று என்பதும் அதே அத்தியாயத்தில் உள்ளதுதான். எனில், வசூலை ஓசையின்றியே நடத்திவிடலாமா?

முகம் தெரியாமல் மனம் இளகுவதில்லை என்பதையும் மறுக்க இயலாது. 2021-இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டக் கடலோர ஊராகிய மாட்டூலில் தண்டுவடத் தசைச் சிதைவு நோய் கண்ட ஒரு சிறுவனுக்கு 18 கோடி ரூபாய் விலையுள்ள மருந்து தேவைப்பட்டது. அதே நோயால் சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவன் சகோதரி, தனக்குக் காலம் கடந்துவிட்ட அம்மருந்து தம்பிக்காவது கிட்டட்டும் என்று உலகின்முன் பேசினாள். சில நாட்களிலேயே 46 கோடிக்கு மேல் குவிந்தது. போதும், இனி அனுப்பாதீர்கள் என்று குழுவினர் அறிவிக்க நேர்ந்தது. எஞ்சிய தொகை அந்நோய் கண்ட பிற குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்டது. அவள் முகத்தை மறைத்திருந்தால் அத்தொகை வந்திருக்குமா? வந்திராது என்றே நினைக்கிறோம்.

ஆனால் மாட்டூலுக்கு அனுப்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் அச்சிறுவனை ஒருபோதும் காணப் போவதில்லை. கிரிவலப் பாதையின் நிம்மதி அங்கும் இருந்தது. பள்ளிக்கு அது வாய்க்காது. பள்ளியில் பெயரை மறைத்தாலும் காலியான இடம் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆகவே நோய் வந்த பிறகு உண்டியலைத் தூக்குவதைவிட, நோய் யாருக்கும் வராத காலத்திலேயே ஒரு நிதியைத் தொடங்குவது மேல் என்பது நம் கருத்து. மாதம் ஒரு ரூபாயாயினும் சரி. கொடுக்கும்போது யாருக்கென்று எவரும் அறியார். வாங்கும் நாள் வந்தால், அதில் வாங்குபவனின் காசும் கிடக்கும். வரவு செலவுத் தொகையைச் சுவரில் ஒட்டலாம். அது அமானத்து, ஒட்டியே ஆக வேண்டும். பெயர்களை மட்டும் இரண்டு மூன்று பெரியவர்கள் நெஞ்சோடு வைத்துக் கொள்ளட்டும். இதனால் பிள்ளைகளின் இரக்கம் சற்று மந்தமாகும் என்ற மறுப்பு எழலாம். எழட்டும், அதில் உண்மையும் உண்டு.

முன்னர்ச் சொன்ன பையனின் தகப்பனார், மகன் தேறியபின் ஒருநாள் பள்ளிக்கு வந்து, மாதம் ஐம்பது ரூபாய் யாரிடம் கட்டுவது என்று கேட்டார். வசூல் முடிந்து கணக்கை மூடியாயிற்று என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்கள்.