ஒப்படைக்க வேண்டிய வீடு

தெற்கு தில்லியில் உள்ள கிட்வாய் நகர், மத்திய அமைச்சராக விளங்கிய ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய பகுதி. மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பாகிய அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வந்துள்ளன. சரோஜினி நகர்ச் சந்தையும், ராமகிருஷ்ணபுரத்தில் 1973-இல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திரும் அவர்களது வாழ்வோடு கலந்தவை. கிழக்கு கிட்வாய் நகரின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு இன்று உயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆனால் அரசுக் குடியிருப்பின் நியதி மட்டும் மாறவில்லை. பணி ஓய்வு பெற்றவர் குறிப்பிட்ட காலத்திற்குள் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும்.

அங்கே பல்லாண்டுகள் வாழ்ந்து ஓய்வு பெற்ற ஒரு தம்பதியரை எண்ணிப் பார்க்கலாம். அவர்களுடைய ஒரே மகள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் பணிபுரிகிறாள். பேரனைக் காணும் ஆவலுடன் இருவரும் சென்றனர். பார்வையாளர் விசாவில் செல்வோருக்கு அந்நாடு பொதுவாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி அளிக்கிறது.

முதல் சில வாரங்கள் ஆனந்தமாகக் கழிந்தன. பிரிட்ஜ்வாட்டர் வேங்கடேசப் பெருமாளைத் தரிசித்தனர். பேரன் மடியிலேயே உறங்கினான். பின்னர் நாட்கள் நீண்டன. மகளும் மருமகனும் காலையில் சென்றால் மாலையில்தான் திரும்புவர். கார் இன்றி எங்கும் செல்ல இயலாது. பொழுது போகாத தந்தை மெல்ல மெல்ல அவ்வீட்டை நடத்தத் தொடங்கினார். பேரன் உறங்கும் நேரத்தை மாற்றினார். சமையலறைப் பொருட்களை இடம் மாற்றி அடுக்கினார். செலவுகளுக்குக் கணக்குக் கேட்டார். ஒருநாள் களைத்து வந்த மகள், "அப்பா, இந்த வீடு எங்கள் வழக்கப்படியே இருக்கட்டும்" என்றாள். அன்றிரவு அவர் உண்ணவில்லை. "டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம்" என்றார்.

மனைவி அமைதியாகக் கேட்டார்: "கிட்வாய் நகர் வீட்டை ஒப்படைத்த நாள் நினைவிருக்கிறதா? அத்தனை வருஷம் தினமும் பெருக்கிக் கோலமிட்ட வீடு. சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தீர்கள். 'முதல் நாளிலிருந்தே நம்முடையது அல்ல என்று தெரியுமே' என்றீர்கள். அந்த வீட்டைப் பற்றித் தெரிந்த உண்மை, மகளைப் பற்றி ஏன் தெரியாமல் போயிற்று?"

இக்கேள்வி அந்த ஒருவருக்கு மட்டும் உரியதன்று. நம்முடையது அல்ல என்பதால் அரசு வீட்டை யாரும் குப்பையாக வைத்திருப்பதில்லை. அங்கே துளசியும் வளர்ந்தது, விளக்கும் எரிந்தது. பேணுதல் வேறு, உரிமை கொண்டாடுதல் வேறு. பற்றின்மை என்பது அன்பின்மை அன்று. அன்பிலிருந்து 'என்னுடையது' என்னும் அகங்காரத்தை நீக்குவதே பற்றின்மை. மக்களும் இறைவன் சில காலம் நம்மிடம் வளர்க்கத் தந்தவர்களே.

மகாபாரதத்தில் இதற்குக் குந்தி தேவியே சான்று. போர் முடிந்தபின் திருதராஷ்டிரரும் காந்தாரியும் பதினைந்து ஆண்டுகள் தருமரின் ஆதரவில் வாழ்ந்து, பின்னர் வனம் புறப்பட்டனர். அவர்களுடன் குந்தியும் கிளம்பினாள். மைந்தர்கள் கண்ணீருடன் தடுத்தனர். எங்களைப் போருக்குத் தூண்டிய தாங்களே, வென்ற அரசை அனுபவிக்காமல் செல்லலாமா என்று வினவினர். குந்தியோ, தான் ஊக்கியது பாண்டுவின் குலம் தாழாதிருக்கவே என்றும், கணவர் ஆண்ட காலத்திலேயே அரச சுகத்தைக் கண்டுவிட்டதாகவும், மக்கள் வென்ற செல்வத்தில் தனக்கு விருப்பமில்லை என்றும் கூறிச் சென்றாள். பின்னொரு காலம் மைந்தர்கள் வனத்திற்கு வந்து ஒரு மாதத்திற்கு மேல் தங்கினர். அன்னையை விட்டுப் பிரிய மனமின்றிச் சகதேவன் அங்கேயே இருந்துவிட விரும்பினான். குந்தி அவனைத் தழுவிக்கொண்டாள். ஆனால் திருப்பி அனுப்பினாள். தழுவவும் தெரிந்தது, விடவும் தெரிந்தது. அதுவே தாய்மையின் முதிர்ச்சி.

மக்களுக்கும் அக்கதையில் பாடம் உண்டு. திருதராஷ்டிரரின் மனம் நோகாதவாறு நடந்துகொள்ள வேண்டும் என்பது தருமரின் கட்டளை. ஆயினும் பீமனின் கடுஞ்சொற்கள் முதியவரின் நெஞ்சைப் புண்படுத்தின. எத்தனை உபசாரம் செய்தாலும் ஒரு சொல் அதனை அழித்துவிடும். தாய் தந்தையருக்கு விமானச் சீட்டும் மருத்துவக் காப்பீடும் வாங்குவது எளிது. நாளின் இறுதியில் கைபேசியை ஒதுக்கிவிட்டு அரைமணி நேரம் அவர்கள் அருகில் அமர்வதே அரிது. அதுவே பெரிய உபசாரம்.

மறுநாள் காலை அத்தந்தை மகளிடம், "இன்று நான் என்ன செய்யட்டும், அம்மா?" என்று கேட்டார். அவள் கண் கலங்கியது. "குழந்தைக்கு ஒரு கதை சொல்லுங்கள், அப்பா" என்றாள். பயணச்சீட்டு மாற்றப்படவில்லை.

ஆறு மாதமாயினும் அறுபது ஆண்டாயினும் எல்லோரும் இவ்வுலகிற்கு விருந்தினராக வந்தவர்களே. இருக்கும் நாளெல்லாம் வீட்டை அன்பினால் துலக்கி, அழைப்பு வரும் நாளில் புன்னகையுடன் சாவியை ஒப்படைப்பவரே பேறு பெற்றவர்.