பெனிசிலினும் பிரார்த்தனையும்

நோயுற்றவர் மருந்தை நாடுவது இறைநம்பிக்கையின் குறைவைக் காட்டுகிறதா என்னும் வினா, சமயக் கொள்கைகளை அறிவின் துணையோடு ஆராயும் சமய மெய்யியலில் மிகப் பழையது. எனினும் ஐதராபாத்தின் அமீர்பேட் வட்டாரத்தில் அது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. அமீர்பேட்டை ஒட்டிய பல்கம்பேட்டில், தரைமட்டத்துக்குக் கீழே கிணற்றுக்குள் கிடந்த கோலத்தில் காட்சிதரும் அம்மனான எல்லம்மாவின் தீர்த்தம் பிணி நீக்கும் என்று நம்பி மக்கள் திரளுகின்றனர். அதே பகுதியில் காந்தியின் பெயர் தாங்கிய இயற்கை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அமீர்பேட்டிலிருந்து மெட்ரோ ரயிலில் மூன்றாவது நிலையமான எர்ரகட்டாவில் அரசு நெஞ்சக மருத்துவமனை உள்ளது. நிமோனியா கண்ட ஒருவரின் குடும்பம் இம்மூன்றையும் நாடினால் அதில் வியப்பில்லை.

நிமோனியா என்பது நுரையீரலின் காற்றுச் சிற்றறைகளில், அதாவது உயிர்வளி குருதியில் கலக்கும் நுண்ணிய பைகளில், கிருமித் தொற்றினால் நீரும் சீழும் நிரம்பும் நிலையாகும். பாக்டீரியாவால் வந்ததாயின் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அதை அடக்கும். ஆனால் காய்ச்சல் தணிந்த பின்னும் களைப்பு வாரக்கணக்கிலும், சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிப்பதால், அதுவரை பிறரைத் தாங்கிவந்தவர் பிறரால் தாங்கப்பட வேண்டியவராகிறார். முதியோரிடம் காய்ச்சலோ இருமலோ பெரிதாகத் தோன்றாமல், மனக்குழப்பமே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு. தன் உடலைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவரே அதற்கு இயலாதவராகும் இந்த நிலையில்தான், நம்பிக்கையா மருந்தா என்னும் வினா, யாருடைய நம்பிக்கை என்னும் வினாவாகக் கூர்மையடைகிறது.

இவ்வினாவின் முழுக் கனத்தையும் காட்டும் நிகழ்வு, 1944 பிப்ரவரியில், புனேயின் ஆகா கான் மாளிகையில் சிறைவைக்கப்பட்டிருந்த, காந்தியின் மனைவி கஸ்தூர்பாவின் இறுதி நாள்களில் நேர்ந்தது. நெடுங்காலமாக மூச்சுக்குழல் அழற்சியால் துன்புற்று, இதயமும் நலிந்திருந்த அவரை நிமோனியா பற்றியபோது, உடன் சிறையிருந்த மருத்துவர்கள் சுசீலா நய்யாரும் கில்டரும் கவனித்துவந்தனர். அவர் விரும்பிக் கேட்ட ஆயுர்வேத வைத்தியரும் பிற்பாடு அனுமதிக்கப்பட்டார். அவருடைய இளைய மகன் தேவதாஸ், போர்க்காலத்தில் கிடைத்தற்கரியதாக இருந்த பெனிசிலின் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வந்துசேர்ந்ததும், அதைச் செலுத்தியே தீர வேண்டும் என்று மன்றாடினார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி குத்த வேண்டும் என்று அறிந்த காந்தி, இறக்கும் தறுவாயில் இருப்பவரை மேலும் வருத்த வேண்டாம், இறைவனிடம் ஒப்படைப்போம் என்று மகனைத் தடுத்தார். பிப்ரவரி 22 அன்று கஸ்தூர்பா காலமானார். அந்த மருந்து அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று அறுதியிட முடியாது. உடலின் பிற உறுப்புகளும் அதற்குள் தளர்ந்திருந்தன.

காந்தியின் முடிவில் இரு காரணங்கள் பின்னிக் கிடந்தன. அவற்றைப் பிரித்தறியாமல் அவரைப் போற்றுவதும் பழிப்பதும் பிழையாகும். இறப்பவரைத் துன்புறுத்தலாகாது என்பது கருணையின் காரணம். அது இன்றைய மருத்துவ அறத்திலும் செல்லுபடியாகும். இறைவனிடம் விட்டுவிடலாம் என்பது நம்பிக்கையின் காரணம். ஆனால் அது மருந்தை விலக்குவதற்கு நியாயமாகாது. கிணற்று நீரில் இறையருள் சுரக்கிறது என்று ஏற்கும் ஒருவர், பூசணத்திலிருந்து பிறந்த பெனிசிலினில் அது சுரக்காது என்று சொல்ல எந்தச் சமயத் தத்துவமும் இடம் தரவில்லை. ஊழின் வலிமையை ஓர் அதிகாரம் முழுதும் பேசிய திருக்குறள், மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்து, நோயாளி, மருத்துவர், மருந்து, துணைநிற்பவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்று கொள்கிறது. அந்த வரிசையில் நோயாளி முதலில் வைக்கப்பட்டிருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஆகா கான் மாளிகையிலோ பெனிசிலின் பற்றிய வழக்கு தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடந்தது.

கஸ்தூர்பா மறைந்த சில வாரங்களில் மலேரியாவால் பீடிக்கப்பட்ட காந்தி, முதலில் உணவைக் குறைத்தும் பழச்சாறு அருந்தியும் பார்த்துவிட்டு, பின்னர் கொயினா மருந்தை ஏற்றுக்கொண்டார். இது அவருடைய நம்பிக்கையின் தோல்வியன்று. இறைவனை நம்புவதும் மருந்தை உட்கொள்வதும் ஒரே மனிதரிடம் முரணின்றி நிலவலாம் என்பதற்கு அவரே சான்றாகிறார்.

அமீர்பேட்டிலாயினும் வேறெங்காயினும், மூச்சிரைப்பும் நெஞ்சுவலியும் தொடங்கி, நோயாளிக்குத் தெளிவும் பேசும் வலுவும் இருக்கும்போதே, எந்தச் சிகிச்சை எதுவரை வேண்டும் என்று அவரிடமே கேட்டறிவது குடும்பத்தாரின் கடமையாகும்; அவர் தீர்த்தம் கேட்டால் அதையும் கொடுக்கட்டும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதை மட்டும் மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.